கரைக்கு விரித்த துணி

நான் போய்ச் சேர்ந்தபோது மச்சான் களிமண்ணையும் வைக்கோலையும் பிசைந்து ஊற்றின் வாயில் அடைத்துக்கொண்டிருந்தார். மணி பதினொன்றரை. மழை விட்டிருந்தது. கரையின் வெளிப்பக்கம், அடிவாரத்தில், கை நுழையும் அளவுக்கு ஒரு துளை. அதிலிருந்து தண்ணீர் வந்தது. செவல் நிறம்.

“அதை எடுங்க மச்சான்.”

பிரான்சிஸ் நிமிரவில்லை. “எதை?”

“களிமண்ணை. அடைக்கக் கூடாது.”

அவரோடு நின்ற பத்துப் பேரும் என்னைப் பார்த்தார்கள். ஒருவர் சிரித்தார்.

“ஓட்டைய அடைக்காம என்ன செய்யிறதாம்? பூப்போட்டுக் கும்பிடவா?”

அது 2005 நவம்பர் கடைசி. நான்கு வருடம் வெடித்துக் கிடந்த வேலங்குளம் கண்மாய் அந்த வாரம்தான் நிறைந்தது. மடை இரண்டும் திறந்திருந்தது. மிச்சத் தண்ணீர் வழியும் மறுகாலும் போய்க்கொண்டிருந்தது. அப்படியும் தண்ணீர் இறங்கவில்லை. கரைக்குக் கீழே அறுபத்திரண்டு வீடுகள். பிள்ளைகளையும் முடியாதவர்களையும் காலையிலேயே மேட்டில் இருந்த கோயிலுக்கு அனுப்பிவிட்டார்கள்.

பிரான்சிஸ் என் மனைவி பிரிஸ்கில்லாவின் அண்ணன். கண்மாயின் நீர்ப்பாய்ச்சி. மடை திறப்பதும் அடைப்பதும் அவர் வேலை. அவர் வீடு கரையிலிருந்து மூன்றாவது. பிப்ரவரியில் பிரிஸ்கில்லா இறந்தாள். மூளைக் காய்ச்சல், ஆறு நாள். அதற்குப் பிறகு நானும் அவரும் அதிகம் பேசியதில்லை.

கரையில் காலிக் குவார்ட்டர் பாட்டிலுக்குப் பஞ்சமில்லை. ஒன்றை எடுத்துக் கழுவி, ஊற்றுத் தண்ணீரைப் பிடித்தேன். வெளிச்சத்தில் காட்டினேன். டீ மாதிரி இருந்தது. ஒரு கல்லின் மேல் வைத்தேன். இரண்டு நிமிடத்தில் அடியில் விரல் கனத்துக்கு மண் படிந்தது.

“இது கரைக்குள்ள இருந்து வர்ற மண்ணு. தண்ணி போனா பரவாயில்ல. மண்ணு போகக் கூடாது. நீங்க இங்க அடைச்சா தண்ணி உள்ளேயே வேற வழி தேடும். தேடுற வழியெல்லாம் மண்ணைத் தூக்கிட்டு வரும். உள்ள பொந்து பெருசாகும். பிறகு மொத்தமாப் போகும்.”

“அப்ப?”

“தண்ணிய விடணும். மண்ணைப் பிடிக்கணும். அதுக்குத் துணி போடணும்.”

“துணி,” என்றார் மச்சான். இப்போதுதான் நிமிர்ந்தார். “இம்புட்டுத் தண்ணிக்கு.”

பஞ்சாயத்துத் தலைவர் பொன்னழகு டிவிஎஸ் ஃபிஃப்டியைக் கரை மேல் நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். ஐம்பது வயது. சேலையைத் தூக்கிச் செருகி, தலையில் துண்டு கட்டியிருந்தார். இரண்டு பக்கமும் கேட்டார்.

“படிச்சவரு ஒண்ணு சொல்றாரு. கண்மாய்லயே கெடக்குறவரு ஒண்ணு சொல்றாரு. நான் யாரு சொல்றதக் கேக்க?”

அவர் குனிந்து பாட்டிலை எடுத்தார். படிந்த மண்ணைப் பார்த்தார். ஆட்டினார். மறுபடியும் படியும் வரை நின்றார்.

“களிமண்ண எடு பிரான்சிசு. அரை மணி நேரம் பாப்போம்.”

மச்சான் எடுத்தார். துளையிலிருந்து தண்ணீர் பீறியது. அதோடு வந்த மண்ணைப் பார்த்து எல்லாரும் ஓரடி பின்னால் போனார்கள்.

நான் மைதீன் பிச்சை பாயிடம் வேலை பார்த்தேன். டெக்ஸ்டைல் படித்துவிட்டு ஐந்து வருடம் ஒரு நூற்பாலையில் தரச் சோதனையில் இருந்தவன். பாயின் குடும்பம் திண்டுக்கல்லில் பஞ்சடித்து மெத்தை தைத்த குடும்பம். அவர் அதை விட்டு வேலங்குளம் கண்மாயின் கிழக்குக் கோடியில், கரைக்குக் கீழே, ஒரு ஷெட் போட்டிருந்தார். ஆலைகள் தூக்கிப்போடும் கழிவுப் பஞ்சு, பனியன் கம்பெனி வெட்டுத்துணி, ஊர் ஊராக வாங்கும் பழந்துணி, எல்லாவற்றையும் பிய்த்து, சேர்த்து, ஆயிரம் ஊசியால் குத்தினால் தடித்த விரிப்பு கிடைக்கும். கம்பளி என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். அதில் ஒரு இழை கம்பளியும் கிடையாது. மெத்தைக்கு அடியில் போனது. கூலர் தட்டியில் போனது. மெஷின் துடைக்கப் போனது. நாற்றங்கால் மூடவும் வாங்கினார்கள். ஷெட்டில் இருபத்திரண்டு பெண்கள் வேலை பார்த்தார்கள். பாதிக்கு மேல் வேலங்குளத்துக்காரர்கள்.

கல்லூரியில் ஒரு பாடம் இருந்தது. வெளிநாடுகளில் ரோட்டுக்கு அடியிலும் அணைக்கு உள்ளேயும் துணி போடுகிறார்கள் என்று. பரீட்சைக்கு எட்டு மார்க். நான் அதை எழுதியிருந்தேன். பார்த்ததில்லை.

பாய் மினிடோர் ஆட்டோவில் கம்பளியை அனுப்பினார். இரண்டு சுருள். கூடவே சர்புன்னிசா வந்தார். தையல் பகுதியை நடத்துபவர், பேகம்பூர்க்காரர்.

“இவ்வளவுதானா?”

“கரண்ட்டு போயி ரெண்டு நாளு ஆச்சு சார். மெஷின் ஓடுனாத்தானே இருக்கும். இதுவே ஒரு பார்ட்டிக்குக் கட்டி வச்சது.”

விரித்தோம். நான்கு மடிப்பு. அதன் மேல் பள்ளிக்கூடச் சுவருக்கு இறக்கியிருந்த ஜல்லி. அதன் மேல் பாறைக்கல். தண்ணீர் துணிக்குள்ளிருந்து ஊறி, கல் இடுக்கில் வழிந்தது. முதல் பாட்டில் டீ. இரண்டாவது கொஞ்சம் பால் சேர்த்த மாதிரி. பன்னிரண்டு நாற்பதுக்குப் பிடித்த பாட்டிலில் பின்னால் இருந்த மச்சானின் முகம் தெரிந்தது.

“தண்ணி நிக்கலையே,” என்றார் ஒருவர்.

“நிக்கக் கூடாதுன்னுதான சொன்னாரு,” என்றார் பொன்னழகு. “தெளிஞ்சிருச்சுல்ல. அதப் பாரு.”

மச்சான் கல் ஒன்றைத் திருத்தி வைத்தார்.

ஒன்றேகாலுக்கு, அங்கிருந்து இருபதடி தள்ளி, கரை அடிவாரம் குபுக்கென்று ஒரு சத்தம் போட்டது. கட்டில் அகலத்துக்கு நிலம் இளகி, மூன்று இடத்தில் கொப்பளித்தது. மூன்றும் செவல்.

கம்பளி தீர்ந்திருந்தது. ஜல்லியும் தீர்ந்திருந்தது.

அப்போது பொன்னழகுவின் செல் அடித்தது. மேலக்கண்மாய் நிறைந்து மறுகால் பாய ஆரம்பித்துவிட்டது என்றார்கள். அந்தத் தண்ணீர் ஐந்து மணி வாக்கில் எங்களிடம் வரும். பொன்னழகு செல்லை இடுப்பில் செருகிக்கொண்டு கொஞ்ச நேரம் கரையைப் பார்த்தார்.

“கிழக்க வெட்டிருவோம்,” என்றார்.

நத்தம் ரோட்டு வேலைக்கு வந்த ஜேசிபி ஒன்று பக்கத்திலேயே நின்றது. கிழக்குக் கோடியில் கரையை வெட்டினால் தண்ணீர் அந்தப் பக்கம் போகும். வீடுகள் தப்பும். கண்மாய் காலியாகும். நான்கு வருடம் கழித்து வந்த தண்ணீர். அதோடு பாயின் ஷெட்டும் போகும். வெட்டாமல் விட்டு, இங்கே உடைந்தால் அறுபத்திரண்டு வீடு.

“இன்னும் துணி போட்டா நிக்கும்,” என்றேன்.

“பாயோட ஷெட்டு கிழக்க இருக்கு,” என்றார் பின்னாலிருந்து ஒருவர். “பாயோட ஆளு கரையில நிக்கிறாரு. கிழக்க வெட்டாதன்னு சொல்லாம வேற என்ன சொல்லுவாரு?”

கேட்டேன். அதில் பொய் இல்லை.

பொன்னழகு என் முகத்தைப் பார்த்தார். பிறகு மச்சானைப் பார்த்தார். “நாலு மணி. நாலு மணிக்குப் பாட்டில்ல கலங்கல் வந்துச்சுன்னா வெட்டிருவேன். அதுக்கு மேல நின்னா மேலக்கண்மாய்த் தண்ணி வந்துரும், ஜேசிபி கரை மேல போக முடியாது. துணி எம்புட்டு வேணும்?”

“வீட்டுக்கு ரெண்டு. பருத்தியா இருக்கணும்.”

கோயில் மைக்கில் சொன்னார்கள். கால் மணி நேரத்தில் பெண்கள் வந்தார்கள். ஆளுக்கொரு பையோடு. நான் பைகளைப் பிரித்தேன். எல்லாம் புதுசு. கிறிஸ்துமஸுக்கு வாங்கிய சேலை, மடிப்புக் கலையாத வேட்டி, கடை லேபிள் ஒட்டிய துண்டு.

“எதுக்கு அத்தை எல்லாரும் புதுசாக் கொண்டாறாங்க?”

வியாகுலம்மாள் பிரிஸ்கில்லாவின் அம்மா. அவர் கையிலும் ஒரு புது வேட்டி இருந்தது. “கண்மாய் நெறைஞ்சா கரைக்குக் கோடித் துணி சாத்துறதுதான் மாப்ள வழக்கம். கட்டுன துணியக் கொண்டாந்து போட்டா அது நமக்கு நிக்குமா?”

அத்தை கையிலிருந்த வேட்டியை வாங்கினேன். பிப்ரவரியில் பிறந்த வீட்டுக் கோடி என்று மச்சான் கொண்டுவந்த சேலையும் இப்படித்தான் விறைப்பாக இருந்தது. தங்கை மேல் போர்த்தும்போது அது படியவில்லை. இரண்டு முறை இழுத்துவிட்டார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஒரு குடத்தின் வாயில் வேட்டியை இழுத்துக் கட்டினேன். ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றினேன். தண்ணீர் வேட்டி மேல் நின்றது. குளம் மாதிரி. அரைச் செம்பு ஓரமாக வழிந்து கீழே போனது.

“கஞ்சி. தறியில நூல் அறுந்துராம இருக்கப் போடுறது. கடையில மொடமொடன்னு நிக்கணும்னு மேல கொஞ்சம். நனைஞ்சா ஊதி, துணியோட கண்ண அடைச்சுக்கும். இதப் போட்டா களிமண்ணு அடைச்ச மாதிரிதான்.”

பொன்னழகுவின் தலைத்துண்டைக் கேட்டேன். அவிழ்த்துக் கொடுத்தார். நைந்து, நிறம் போயிருந்தது. அதே குடத்தில் கட்டி ஊற்றினேன். தண்ணீர் நேராக உள்ளே இறங்கியது.

“தலைவரம்மா துண்டுக்கிட்ட சல்லட தோத்துப்போச்சு,” என்றார் ஒருவர்.

“சிரிக்காத. ஒன் வேட்டி இத விட மோசம். பின்னால பாத்தியா?” என்றார் பொன்னழகு.

“பழசுதான் வேணும்,” என்றேன். “எவ்வளவு பழசோ அவ்வளவு நல்லது. நூறு தடவை துவைச்சது. பருத்தி நனைஞ்சாப் பலம் கூடும். பயப்படாதீங்க.”

பெண்கள் நகரவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மணி இரண்டைத் தாண்டிவிட்டது. எனக்கு முதலில் புரியவில்லை. வீட்டில் கிழிந்ததை ஊர் நடுவே கொண்டுவந்து விரிப்பது. அதுவும் பக்கத்து வீட்டுக்காரி பார்க்க.

சர்புன்னிசாதான் பேசினார். “ஏம்மா, நான் பதினஞ்சு வருசமா ஊர்ப் பழந்துணியப் பிரிக்கிறேன். எல்லா வீட்டுலயும் கிழிசல்தான் வருது. இல்லாதவங்க கிழிசல் சுருட்டிக் கெடக்கும். இருக்கவங்க கிழிசல் எட்டா மடிச்சிருக்கும். அம்புட்டுத்தான் வித்தியாசம். போங்க, மடிக்காமக் கொண்டாங்க.”

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும் ஓடினார்கள்.

வந்தது பெரிய குவியல். தொட்டில் கட்டிய சேலைகள். சோறு வடித்த துணி. ஜன்னலுக்குத் தொங்கியது. பிள்ளைகளுக்குப் போர்த்தியது. சும்மாடு. பேறுகாலத்துக்கென்று துவைத்து எடுத்துவைத்த பழைய வேட்டிகள். ஒரு காலத்தில் சட்டையாக இருந்த கரித்துணி. சர்புன்னிசாவும் ஷெட்டுப் பெண்களும் கரையிலேயே உட்கார்ந்து, கோணி ஊசியால் நீள நீளமாகத் தைத்தார்கள். நான் நைலக்ஸையும் பாலியெஸ்டரையும் தனியே எறிந்தேன். ஒரு நீலச் சேலை வந்தது. பிரிஸ்கில்லாவிடமும் அப்படி ஒன்று இருந்தது. அந்த ஊரில் அந்த நீலத்தில் இருபதாவது இருக்கும். அடுத்ததோடு சேர்த்துத் தைக்கக் கொடுத்தேன்.

மூன்று மணிக்கு ஆறு மடிப்பில் பன்னிரண்டடிக்குப் பத்தடி தயாரானது. இடம் அதற்குள் இரண்டு கட்டில் அகலம் ஆகியிருந்தது. விரித்தோம். அடியிலிருந்த தண்ணீர் துணியைத் தூக்கியது. ஓரத்தில் கல் வைத்தோம். நடுவில் உப்பி எழுந்தது.

“பாரம் வேணும்,” என்றேன். “ஜல்லி எங்க?”

“டிராக்டர் ஓடையில மாட்டிருச்சு.”

யாரும் எதுவும் சொல்வதற்கு முன் மச்சான் துணி மேல் ஏறி நின்றார். நடுவில். உப்பல் அவர் காலடியில் அமுங்கி, பக்கத்தில் எழுந்தது. நான் அங்கே ஏறினேன். பிறகு ஒவ்வொருவராக ஏறினார்கள். பதினான்கு பேர். தோளோடு தோள். கரை உடைந்தால் முதலில் நாங்கள்தான். அது எல்லாருக்கும் தெரியும்.

“ஆட்டம் போடாதீங்க. அப்பிடியே நில்லுங்க.”

“போட்டோ புடிக்கப் போறாகளா?”

“புடிச்சா ஒன்னய வெட்டிட்டுத்தான் மாட்டணும். மூச்ச விடாம நில்லு.”

துணிக்கு அடியில் தண்ணீர் முட்டுவது உள்ளங்காலில் தெரிந்தது. கன்றுக்குட்டி மடியில் முட்டுவது மாதிரி. விட்டு விட்டு. பிறகு விரல் இடுக்கில் ஊறி மேலே வந்தது. அது நல்லது. தண்ணீர் வழி கண்டுவிட்டது.

மச்சான் என்னைப் பார்க்காமல் பேசினார்.

“முப்பதாம் நாள் பூசைக்குப் பெறகு வீட்டுப் பக்கம் வரல.”

“வேலை.”

“ஷெட்டு அரை மைலு. தெனமும் எங்க வீட்டத் தாண்டித்தான் பஸ் ஏறுறீங்க.”

நான் கரையின் மேல் விளிம்பைப் பார்த்தேன். அதற்கு அந்தப் பக்கம் தண்ணீர் என் தலைக்கு மேல் உயரத்தில் நின்றது.

“அம்மா ஞாயித்துக்கெழமைன்னா ஒங்களுக்கும் சேத்து ஒல வைக்கிது. சோறும் வெஞ்சனமும் மிஞ்சுது. திங்கக்கெழம நான் திங்கிறேன்.”

“சொல்லியிருக்கலாம்.”

“என்னன்னு சொல்ல?” என்றார். “நீங்க அழுவல மாப்ள. ஊரே பாத்துச்சு.”

“தெரியும்.”

“ஏன்?”

“தெரியல மச்சான்.”

அவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். பிறகு காலடியைப் பார்த்தார். “தண்ணி முட்டுது,” என்றார். “வேகம் கொறைஞ்ச மாதிரி இருக்கு.”

மூன்று நாற்பதுக்குப் பொன்னழகு துணியின் ஓரத்தில் குந்தி, பாட்டிலைப் பிடித்தார். வெளிச்சத்தில் தூக்கினார்.

சிவப்பு.

கல் மேல் வைத்துக் காத்திருந்தார். ஐந்து நிமிடம். படியவில்லை. இன்னொரு பாட்டில் பிடித்தார். அதுவும் சிவப்பு. முன்னைவிடக் கூடுதல்.

“படியல,” என்றேன். “மண்ணா இருந்தா இந்நேரம் படிஞ்சிருக்கும்.”

“பொடி மண்ணு படிய ராத்திரியாகும்,” என்றார் ஒருவர். “பானையில மோந்து வச்சுப் பாத்ததில்லையா?”

அதுவும் உண்மைதான். என்னிடம் ராத்திரி வரை நேரம் இல்லை.

பொன்னழகு செல்லை எடுத்தார். “சொன்னது சொன்னதுதான். நாலு அடிக்கப் போவுது.” எண்ணை அழுத்தினார். “தம்பி, வண்டிய எடு. ஆமா, கிழக்குக் கோடிதான். வெட்டு.”

தூரத்தில் ஜேசிபி உறுமியது. மைதீன் பிச்சை பாய் கரையின் மேல் நின்றிருந்தார். மினிடோரில் வந்திருக்க வேண்டும். எப்போது வந்தார் என்று கவனிக்கவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

நான் குனிந்து துணியைப் பார்த்தேன். மேல் மடிப்பில் என் காலுக்கும் மச்சான் காலுக்கும் நடுவே ஒரு சேலை ஓரம் தெரிந்தது. சின்னாளபட்டிச் சுங்குடி. அரக்குச் சிவப்பு. புள்ளி வெள்ளை. வெள்ளைப் புள்ளி எல்லாம் ரோஸ் நிறமாகியிருந்தது.

“இது யாரு சேலை?”

ஒரு பெண் தயங்கிக் கையைத் தூக்கினாள். “என்னோடது.”

“சாயம் போகுமா?”

“தண்ணி கண்டாப் போவும். அதுனாலதான் நான் அதத் தொவைக்கிறதே இல்ல.”

“சாயம்,” என்றேன் பொன்னழகுவிடம். “பாட்டில்ல இருக்கிறது சாயம். மண்ணு இல்ல.”

“சாயமாம்,” என்றார் பின்னாலிருந்தவர். “ஷெட்டு போற நேரம் எல்லாம் சாயந்தான்.”

பாட்டிலை வாங்கினேன். ஒரு வாய் ஊற்றிக்கொண்டேன். இந்தக் கரை செவல் மண். மணல் கலந்தது. மண் இருந்தால் பல்லில் நறநறக்கும். கடித்துப் பார்த்தேன். இல்லை. நாக்கில் கசப்பு. துப்பினேன்.

“நறநறப்பு இல்ல. நீங்க பாருங்க.”

“குடுங்க தம்பி, நான் பாக்குறேன்,” என்று பாய் இறங்கி வந்தார்.

பொன்னழகு கையை நீட்டித் தடுத்தார். “நீங்க வேணாம் பாய். தப்பா நெனைக்காதீங்க. ஒங்க ஷெட்டு அங்க இருக்கு. ஒங்க நாக்கு எனக்கு ஒதவாது. இவரு நாக்கும் ஒதவாது.” பாட்டிலை என்னிடமிருந்து எடுத்தார். சுற்றிலும் பார்த்தார். ஜேசிபி கரை மேல் ஏறும் சத்தம் கேட்டது. “பிரான்சிசு. நீ பாரு.”

மச்சான் வீடு மூன்றாவது வீடு. காலையில் அடைக்க வேண்டும் என்று சொன்னவர் அவர். என் பேச்சைக் கேட்டுத் தலைவர் சொன்னதால் ஊரார் முன்னால் களிமண்ணைத் தோண்டி எடுத்தவர். அவர் நறநறக்குது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வீடு நிச்சயமாகத் தப்பும். யாரும் அவரைக் குறை சொல்ல மாட்டார்கள். நானும் சொல்லியிருக்க முடியாது.

பாட்டிலை வாங்கி வாய் நிறைய ஊற்றிக்கொண்டார். கண்ணை மூடினார். தாடை மெதுவாக அசைந்தது. கன்னம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உப்பியது. ஜேசிபி நின்று, வாளி இறங்கும் சத்தம். கிழக்கே முதல் வெட்டு விழுந்தது. எனக்குக் காலடியில் ஒன்றும் தெரியவில்லை. மரத்துவிட்டது போல இருந்தது.

துப்பினார். உள்ளங்கையில் துப்பினார். கையை விரலால் தேய்த்துப் பார்த்தார்.

“இன்னொரு பாட்டிலு புடிங்க. துணிக்கு நட்ட நடுவுல.”

பொன்னழகு துணி மேல் முழங்காலிட்டு, எங்கள் கால்களுக்கு நடுவே பிடித்துக் கொடுத்தார். இரண்டாவது வெட்டு விழுந்தது. மச்சான் மறுபடியும் வாயில் ஊற்றினார். இந்த முறை சீக்கிரம் துப்பினார்.

“மண்ணு இல்ல,” என்றார். “சாயந்தான். கசக்குது.”

“ஒன் வீடு பிரான்சிசு.”

“தெரியும்ல. என் வாயிதான சொல்லுது. மண்ணு இல்ல.”

பொன்னழகு மீதித் தண்ணீரைத் தன் வாயில் விட்டுக்கொண்டார். யாரும் அவரிடம் கேட்கவில்லை. ஒரு நிமிடம் இருக்கும். துப்பிவிட்டு முந்தானையில் வாயைத் துடைத்தார். முந்தானையில் சிவப்பு ஒட்டியது. செல்லை எடுத்தார்.

“தம்பி, நிப்பாட்டு. எம்புட்டுத் தோண்டுன? ... சரி. அத மூடு. ... ஆமா, மூடு.”

செல்லிலிருந்து டிரைவரின் குரல் எங்களுக்கே கேட்டது. “வெட்டவா மூடவா, ஒண்ணு சொல்லுங்கம்மா. இது யாரு கண்மாயின்னே எனக்குத் தெரியாது.”

“மூடி, நல்லா மிதி. மிதிச்சிட்டு ரோட்டு ஜல்லிய வாளியில அள்ளிக்கிட்டு இங்க வா. நாலு நடை. பதினாலு பேரு காலு கடுக்க நிக்கிறாக.”

பாய் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார். கரை மேல் போய் உட்கார்ந்தார். சர்புன்னிசா ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தார்.

ஜல்லி வந்தபோது நாலு முப்பத்தைந்து. ஓரத்திலிருந்து கொட்டக் கொட்ட ஒவ்வொருவராக இறங்கினார்கள். நடுவில் நின்ற எங்களுக்குக் கடைசியில்தான் இடம் கிடைத்தது. மேலக்கண்மாய்த் தண்ணீர் ஐந்தே காலுக்கு வந்தது. கரையில் நட்டிருந்த குச்சியில் ஒரு சாண் ஏறியது. நாங்கள் பத்து நிமிடத்துக்கு ஒரு பாட்டில் பிடித்தோம். சிவப்பு, பிறகு ரோஸ், பிறகு கழுநீர் மாதிரி. ஐந்து ஐம்பதுக்கு வெறும் தண்ணீர். குச்சியில் அதற்கு மேல் ஏறவில்லை. இரண்டு ஊற்றும் பக்கத்துப் பக்கத்தில் ஓடி, வாய்க்காலில் சேர்ந்தன.

“சத்தமில்லாமப் போவுது,” என்றார் மச்சான். ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் நின்றேன்.

“பருத்தி மக்கிரும் மச்சான். ரெண்டு மாசம், மிஞ்சிப் போனா மூணு. அதுக்குள்ள தண்ணி இறங்கிரும். தை மாசம் இந்த எடத்தத் தோண்டி, மண்ணு உள்ள எவ்வளவு போயிருக்குன்னு பாத்து, மணலும் ஜல்லியுமாக் கட்டணும். கம்பளிக்கு அதுக்குள்ள வேற நூல் சேத்துப் பாக்குறேன். தேங்காய் நார் மக்க நாளாகும்.”

“யாரு தோண்டுறது?”

“நான் வாரேன்.”

“தை மாசத்துக்கா?”

“அதுக்கு முன்னாடியும் பாக்கணும். வாரத்துக்கு ஒரு தடவை.”

அவர் தலையாட்டினார். எழுந்து வேட்டியைப் பிழிந்தார். “தரைப்பாலத்துல இடுப்பளவு போவுது. இன்னைக்கி பஸ் வராது. அம்மா ஒல வச்சிருச்சு.”

“சரி,” என்றேன்.

கரையிலிருந்து இறங்கினோம். அவர் முன்னால் போனார்.